மாட்டுக்கு ஒரு பை, மனுசிக்கு ஒரு பை

‘எங்கள் கலப்பின மாடு நேற்று ராத்திரி 10 மணிக்குக் கன்று போட்டது. விடிந்தும் நஞ்சுக்கொடி விழவில்லை. தொங்குகிற கொடியில் அரைச் செங்கல்லைக் கட்டிவிடச் சொல்கிறார் பக்கத்துத் தோட்டத்துக்காரர். கட்டலாமா? என் மனைவிக்குக் குழந்தை பிறந்து கால் மணி நேரத்தில் கொடி வந்துவிட்டதாக நர்ஸம்மா சொன்னார். மாட்டுக்கு மட்டும் ஏன் இவ்வளவு நேரம்?’

கேள்வி-பதில் பகுதிக்கு வந்த கடிதம் இது. முதல் கேள்விக்குக் கால்நடை மருத்துவர் உடனே போனில் பதில் சொல்லிவிட்டார். கல்லும் கட்டக்கூடாது, கையாலும் இழுக்கக்கூடாது, 12 மணி நேரம் தாண்டினால் மருத்துவரைக் கூப்பிட வேண்டும். இரண்டாவது கேள்வியைத்தான் ஆசிரியர் எனக்கு அனுப்பி வைத்தார்.

நான் கால்நடை மருத்துவர் இல்லை. வேளாண்மை படித்துவிட்டு, முப்பது வருடமாக விதை, உரம், பயிர்க் காப்பீடு என்று ஊர் ஊராகப் போய்க்கொண்டிருப்பவள். ஆனால் எங்கள் கொங்குப் பக்கத்தில் ஒரு தோட்டத்துக்குப் போனால் பயிரை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்ப முடியாது. கட்டுத்தரையைத் தாண்டித்தான் வரப்புக்கே போகவேண்டும். அங்கே ஒரு மாடு சினை பிடிக்காமல் நிற்கும், இன்னொன்று நிறைமாதத்தில் படுத்திருக்கும். ஆம்பிளைகள் மாட்டைப் பற்றி நேராகவே கேட்டுவிடுவார்கள். பொம்பளைகளும் மாட்டைப் பற்றித்தான் ஆரம்பிப்பார்கள். ஆனால் பாதிப் பேர் கேட்க வந்தது மாட்டைப் பற்றி இருக்காது. அதனால் இந்தக் கடிதக்காரர் மாட்டையும் மனைவியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கேட்டது எனக்குப் புதிதாகத் தெரியவில்லை.

கல்லூரியில் கால்நடை வளர்ப்பு எங்களுக்கு ஒரு பாடம். ஒருநாள் செய்முறை வகுப்பில், இறைச்சிக் கூடத்திலிருந்து வாங்கிவந்த வெள்ளாட்டின் கர்ப்பப்பையையும் எருமையின் கர்ப்பப்பையையும் தட்டில் வைத்திருந்தார்கள். ‘பை’ என்ற சொல்லைக் கேட்டுப் பழகிய எனக்கு அது பை மாதிரியே தெரியவில்லை. கிடாயின் கொம்பு இரண்டும் வளைந்து சுருண்டிருக்குமே, அப்படி இரண்டு குழல்கள். இரண்டும் அடியில் சேர்ந்து ஒரு சின்னத் தண்டாகி, கர்ப்பப்பை வாயில் முடிகின்றன. கவட்டைக் குச்சி ஒன்றைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். கைப்பிடி குட்டை, கவை இரண்டும் நீளம். மாடு, எருமை, ஆடு எல்லாவற்றுக்கும் இந்த அமைப்புதான். கன்று வளர்வது நடுவில் இல்லை. ஏதாவது ஒரு கொம்பில்தான், அதுவும் பெரும்பாலும் வலது கொம்பில். இடது பக்கம் முழுக்க அசை போடுகிற பெரிய வயிறு அடைத்துக்கொண்டிருக்கிறது.

மனுசிக்கு அந்தக் கவைகள் இல்லை. தலைகீழாகப் பிடித்த ஒரு சின்னக் கொய்யாக்காய் மாதிரி ஒரே அறை. சாதாரண நாளில் ஏழரை சென்டிமீட்டர் நீளம், 60 கிராம் எடை இருக்கும். அதற்குள் மூன்று கிலோ குழந்தை வளரும்போது பையே கிட்டத்தட்ட ஒரு கிலோ எடைக்கு வந்துவிடும். பிரசவமாகி ஆறு வாரத்தில் பழையபடி கொய்யாக்காய் அளவுக்குச் சுருங்கிவிடும். மாட்டுக்கும் கர்ப்பப்பை சுருங்கி இடத்துக்கு வர ஏறக்குறைய ஆறு வாரம் ஆகும். அதனால்தான் கன்று போட்டு 60 நாள் ஆவதற்குள் சினை ஊசி போடவேண்டாம் என்று சொல்கிறோம். இந்த ஆறு வாரக் கணக்கை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

ஏன் இப்படி ஆளுக்கொரு அமைப்பு? தாயின் வயிற்றில் கரு வளர்கிற காலத்தில் எல்லாப் பெண் உயிருக்கும் முதலில் இரண்டு குழாய்கள்தான் உண்டாகின்றன. 1830-ல் இவற்றை விவரித்த ஜெர்மானியர் யோகான்னஸ் முல்லரின் பெயரால் முல்லர் குழாய்கள் என்பார்கள். இந்த இரண்டும் கீழிருந்து மேலாக ஒட்டிக்கொண்டே வருகின்றன. எவ்வளவு தூரம் ஒட்டுகின்றன என்பதில்தான் வித்தியாசமெல்லாம். முயலுக்கு இரண்டும் ஒட்டாமலே நின்றுவிடுகின்றன. அதற்கு இரண்டு கர்ப்பப்பை, இரண்டு வாய். பன்றிக்கும் நாய்க்கும் அடியில் கொஞ்சம் ஒட்டி, மேலே கொம்புகள் குடல் மாதிரி நீண்டுகிடக்கும். வரிசையாகப் பத்துக் குட்டி படுக்க அந்த நீளம் வேண்டுமல்லவா! மாட்டுக்கு இன்னும் கொஞ்சம் கூடுதலாக ஒட்டுகிறது. மனுசிக்கும் குரங்குக்கும் மேல்வரை முழுக்க ஒட்டி ஒரே அறையாகிவிடுகிறது. மேலே மிஞ்சுவது இரண்டு பக்கமும் மெல்லிசான கருக்குழாய் மட்டும்.

சில பெண்களுக்கு இந்த ஒட்டுதல் பாதியில் நின்று, மாட்டுக்கு இருப்பதுபோல இரண்டு கொம்பாகவே அமைந்துவிடுவதும் உண்டு. ஸ்கேனில் ‘இரட்டைக் கொம்புக் கர்ப்பப்பை’ என்று எழுதியிருந்தால் பயந்துவிட வேண்டாம். இப்படி இருப்பவர்களில் குழந்தை பெற்றவர்கள் நிறையப் பேர். மருத்துவர் கூடுதல் கவனத்தோடு பார்க்கவேண்டும், அவ்வளவுதான்.

இனி நஞ்சுக்கொடிக்கு வருகிறேன். மாட்டின் கர்ப்பப்பை உள்சுவரில் 75 முதல் 120 வரை குமிழ்கள் இருக்கின்றன. சட்டைப் பொத்தான் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். சினை பிடித்தபின் இவை காளான் குடை மாதிரி பெருக்கும். நஞ்சுக்கொடியிலிருந்து வரும் திட்டுகள் ஒவ்வொரு குமிழையும் உறைபோட்டு மூடிப் பிடித்துக்கொள்கின்றன. கன்று விழுந்தபின் இந்த நூறு பொத்தானும் ஒவ்வொன்றாகக் கழன்றால்தான் கொடி கீழே வரும். கல்லைக் கட்டினால் என்ன ஆகும்? கழலாத பொத்தான்கள் கிழியும், துண்டுகள் உள்ளேயே தங்கி அழுகும். சில மாடுகளுக்குக் கொடியோடு சேர்ந்து கர்ப்பப்பையே வெளியே வந்துவிடும்.

மனுசிக்குப் பொத்தான் இல்லை. ஒரே வட்டத் தட்டு, தோசை மாதிரி ஒரே இடத்தில் ஒட்டியிருக்கும். பிடிப்பும் வேறு வகை. மாட்டில் தாயின் ரத்தத்துக்கும் கன்றின் ரத்தத்துக்கும் நடுவில் பல அடுக்குத் தோல் இருக்கிறது. கொடி கர்ப்பப்பைச் சுவரைத் தொட்டுக்கொண்டிருக்கிறதே தவிர, குடைந்து உள்ளே போவதில்லை. மனுசியின் நஞ்சுக்கொடி சுவரைக் குடைந்து, தாயின் ரத்தத்திலேயே வேரை நனைத்துக்கொண்டு நிற்கிறது. அதனால் அது பிரியும்போது ரத்தக் குழாய்கள் வாய் திறந்துவிடுகின்றன. கர்ப்பப்பை காலியாகி இறுகச் சுருங்கினால்தான் ரத்தம் நிற்கும். கொடி தங்கிவிட்டால் சுருங்கவும் முடியாது, ரத்தமும் நிற்காது. பெண்ணுக்கு அரைமணி நேரத்துக்குமேல் கொடி வராவிட்டால் அவசரம் என்று மருத்துவமனையில் பரபரப்பது இதனால்தான். மாட்டுக்கு ரத்தப்போக்கு அவ்வளவு இல்லை. அதற்கு ஆபத்து பின்னால், அழுகலிலும் காய்ச்சலிலும் வருகிறது. கடிதக்காரரின் இரண்டாவது கேள்விக்கு இதுதான் பதில். அந்தியூர்ச் சந்தையில் குதிரை வாங்கி வளர்ப்பவர்களுக்காக ஒன்று: குதிரைக்கு 3 மணி நேரம்தான் கெடு. மாட்டுக் கணக்கை வைத்துக்கொண்டு காத்திருந்தால் குதிரை போய்விடும்.

மாட்டின் பொத்தான்களை மனுசிக்குள் கொண்டுபோய் வைத்தவர் ஒருவர் இருக்கிறார். ஓவியர் லியனார்டோ டா வின்சி. 1511 வாக்கில், தாயின் வயிற்றுக்குள் குழந்தை சுருண்டிருக்கும் படம் ஒன்றை வரைந்தார். இன்றும் உலகம் முழுக்கப் போற்றுகிற படம். குழந்தை அச்சு அசலாக இருக்கிறது. அதைச் சுற்றியிருக்கும் நஞ்சுக்கொடியில் மட்டும் மாட்டுக்கு இருக்கிற பொத்தான்கள்! அவர் அதற்கு முன் சினைமாட்டை அறுத்துப் பார்த்திருந்தார். அதைக் கொண்டே இதையும் ஊகித்துக்கொண்டார். அவ்வளவு பெரிய மனுசர் அப்படி என்றால், நம் தோட்டத்துக்காரர்கள் கேட்பதில் என்ன தப்பு?

அந்தப் பல அடுக்குத் தோலால் வருகிற இன்னொரு சங்கதி கன்றின் உயிர் சம்பந்தப்பட்டது. நம் குழந்தை வயிற்றில் இருக்கும்போதே தாயின் ரத்தத்திலிருந்து நோய் எதிர்ப்புச் சக்தியை ஓரளவு வாங்கிக்கொண்டுதான் பிறக்கிறது. கன்றுக்கும் ஆட்டுக்குட்டிக்கும் அந்த வழி அடைப்பு. எதிர்ப்புச் சக்தி எதுவுமே இல்லாமல் பூமியில் விழுகின்றன. சீம்பால் ஒன்றுதான் வழி. அதையும் குடல் உறிஞ்சிக்கொள்வது முதல் சில மணி நேரம்தான். ஒரு நாள் கழிந்தால் அந்தக் கதவு மூடிவிடும். ஆனால் நம் ஊர்களில் என்ன செய்கிறோம்? ‘கொடி விழட்டும், அப்புறம் கன்னை ஊட்ட விடலாம்’ என்று கட்டிப்போட்டு வைக்கிறோம். கொடி விழ எட்டு மணி நேரம் ஆனால் கன்றும் எட்டு மணி நேரம் பட்டினி. பத்துப் பதினைந்து நாளில் கழிச்சலில் செத்தால், ‘திருஷ்டி பட்டிருச்சு’ என்கிறோம். பிறந்து ஒரு மணி நேரத்துக்குள் ஊட்ட விடுங்கள். முதல் நாளுக்குள் கன்றின் எடையில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 25 கிலோ கன்றுக்கு இரண்டரை லிட்டர் சீம்பால் உள்ளே போகவேண்டும். கன்று முட்டி ஊட்டும்போது தாய்க்கு ஊறுகிற சுரப்பு கர்ப்பப்பையையும் சேர்த்துச் சுருக்கும். கொடி கழலவும் அது உதவியே தவிர உபத்திரவம் இல்லை. இந்த ஒரு விசயத்தில் மாடும் மனுசியும் ஒன்று. பிள்ளைக்குத் தாய்ப்பால் கொடுத்தால் பெண்ணுக்கும் கர்ப்பப்பை சீக்கிரம் சுருங்கும். மூங்கில் இலை கொடுப்பவர்களை நான் தடுப்பதில்லை. கொடுங்கள், கன்றையும் அவிழ்த்து விடுங்கள்.

ரத்தம் பற்றியும் அடிக்கடி கேட்பார்கள். கிடேரி கத்தி ஓய்ந்த ஒன்றிரண்டு நாளில் வாலில் ரத்தம் ஒட்டியிருந்தால், ‘மாடு தூரமாயிருச்சு, சினை நிக்கல’ என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். மாட்டுக்கு மாதவிலக்கு கிடையாது. பெண்ணுக்குக் கர்ப்பப்பையின் உள்பூச்சு உரிந்து விழுவதுதான் மாதவிலக்கு. மாட்டுக்கு அது உரிவதில்லை. பருவத்தில் பெருத்த சின்ன ரத்தக் குழாய்கள் கசிவதுதான் அந்த ரத்தம். சினை நின்றதற்கோ நிற்காததற்கோ அது அடையாளம் இல்லை. இரண்டு நாள் முன்னால் பருவத்தில் இருந்தது என்பதற்கு மட்டும் அடையாளம். பருவத்தைக் கவனிக்காமல் விட்டவர்கள் அன்றையிலிருந்து 18, 19 நாள் எண்ணி வைத்துக்கொண்டு மறுபருவத்துக்குக் காத்திருக்கலாம். பெண்களுக்கு நேர்மாறான ஒன்று சொல்லவேண்டும். மாதவிலக்கு நின்று ஒரு வருடம் ஆனபின் ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும் அது சும்மா விடுகிற விசயம் இல்லை. கர்ப்பப்பைப் புற்றுநோயின் முதல் அடையாளமாக இருக்கலாம். வேறு சாதாரணக் காரணமாகவும் இருக்கலாம். எது என்று பரிசோதித்தால்தான் தெரியும்.

சில வருடம் முன்பு ஒரு விவசாயிகள் கூட்டத்தில், இரட்டைக் கன்று பற்றிப் பேச்சு வந்தது. மாடு காளையும் கிடேரியுமாக இரட்டைக் கன்று போட்டால் அந்தக் கிடேரியை வளர்க்காதீர்கள், பத்தில் ஒன்பதுக்கு மேல் மலடாகத்தான் இருக்கும், சந்தையில் வாங்கும்போதும் இதைக் கேட்டு வாங்குங்கள் என்று சொன்னேன். மாட்டின் கர்ப்பப்பையில் இரண்டு கன்றின் நஞ்சுக்கொடியும் ஒன்றோடொன்று ஒட்டி, ரத்தக் குழாய்கள் இணைந்துவிடுகின்றன. காளைக்கன்றின் சுரப்பு நீர் கிடேரியின் உடம்புக்குள் போய், அதன் கர்ப்பப்பையை வளரவிடாமல் செய்துவிடுகிறது. கூட்டம் முடிந்து டீ குடித்துக்கொண்டிருக்கும்போது பெரியவர் ஒருவர் ஒதுக்குப்புறமாக வந்தார்.

“ஏனுங்க மேடம், பேரனுக்கு ஒரு புள்ளையப் பாத்து வெச்சிருக்கறோம். நல்ல எடம். அந்தப் புள்ள ரெட்டைல ஒண்ணுங்க. கூடப் பொறந்தது பையன். நீங்க சொன்னதக் கேட்டதுல இருந்து மனசே சரியில்லீங்க.”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஒரு கிடேரிக்குச் சொன்னது ஒரு பெண்ணின் கல்யாணத்தில் போய் நிற்கிறது. அவரை உட்காரவைத்து, மனுசருக்கு அப்படி இல்லை என்று விளக்கினேன். ஆணும் பெண்ணுமாகப் பிறக்கிற இரட்டையில் இரண்டு தனிக் கரு, இரண்டு தனி நஞ்சுக்கொடி. பக்கத்தில் பக்கத்தில் ஒட்டியிருந்தாலும் ரத்தம் கலப்பதில்லை. அந்தப் பெண்ணுக்குக் கர்ப்பப்பை மற்ற பெண்களுக்குப் போலத்தான் இருக்கும். அவர் இரண்டு தடவை திருப்பித் திருப்பிக் கேட்டுக்கொண்டார். அதன் பிறகு நான் எந்தக் கூட்டத்தில் இரட்டைக் கன்று பற்றிப் பேசினாலும், மனுசருக்கு இது கிடையாது என்ற வாக்கியத்தைச் சேர்க்காமல் முடிப்பதில்லை. அந்தக் கல்யாணம் நடந்ததா என்று கேட்பீர்கள். நடந்தது. பத்திரிகை வைத்தார், போய் மொய் எழுதிவிட்டு வந்தேன்.

அடி தள்ளுவதைப் பற்றிச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் வந்தேன்.

ஒருநாள் சோளத்தட்டில் பூச்சி பார்க்க ஒரு தோட்டத்துக்குப் போயிருந்தேன். விடிகாலையில் கன்று போட்ட மாடு, கர்ப்பப்பை மொத்தமாக வெளியே வந்து கிடந்தது. சட்டைக் கையை இழுத்து உள்பக்கத்தை வெளியே திருப்புவோமே, அப்படி. சிவப்புச் சிவப்பாக அந்தப் பொத்தான்கள் எல்லாம் வெளியே தெரிந்தன. வீடே ஓடிக்கொண்டிருந்தது. மகன் மருத்துவரைக் கூட்டிவர வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டான். மருமகள் வெள்ளை வேட்டியை நனைத்துக் கொண்டுவந்து கர்ப்பப்பையை அதில் ஏந்திப் பிடித்திருந்தாள். மாமியார், அறுபது வயதுக்குமேல் இருக்கும், காக்காயும் நாயும் அண்டாமல் குச்சியோடு நின்றார். அவர்கள் செய்தது அத்தனையும் சரி. ஈரத்துணியில் ஏந்தவேண்டும், மண் படக்கூடாது, நாமாக உள்ளே திணிக்கக்கூடாது. மருத்துவர் வந்து மரப்பு ஊசி போட்டு, கழுவி, பொறுமையாக உள்ளே தள்ளித் தையல் போட்டார். சுண்ணாம்புச் சத்து குறைந்த மாடுகளுக்குக் கர்ப்பப்பை சுருங்கும் பலம் இருக்காது, அதனால் இப்படி ஆகும் என்று சொல்லி அதற்கும் மருந்து ஏற்றினார்.

எல்லோரும் கை கழுவப் போனபிறகு அந்த மாமியார் என் பக்கத்தில் வந்து நின்றார்.

“அம்மிணி, மாட்டுக்கு உள்ள தள்ளித் தெச்சுட்டாங்க. மனுசிக்கு இப்பிடிச் செய்வாங்களா?”

“யாருக்குங்க ஆத்தா?”

“எனக்குத்தான். இருவது வருசமாச்சு. உக்காந்தா இறங்கீரும், படுத்தா உள்ள போயிரும். துணியக் கட்டிக்கிட்டுத்தான் களையெடுக்கப் போறன்.”

வீட்டில் யாருக்காவது தெரியுமா என்று கேட்டேன். இல்லை என்று தலையாட்டினார். நாலு பிள்ளைகள் பெற்றவர். ஒவ்வொரு பிள்ளைக்கும் இருபதாம் நாள் கிணற்றுத் தண்ணீர் சேந்தி, தட்டுக்கட்டுச் சுமந்திருக்கிறார். அந்த வீட்டில் மாட்டுக்கு 60 நாள் கணக்குப் பார்த்துத்தான் ஊசி போட்டிருப்பார்கள்.

அவருக்குச் சொன்னதை இங்கே எல்லோருக்கும் சொல்கிறேன். மாட்டுக்கு வருவதும் பெண்ணுக்கு வருவதும் பெயரில் ஒன்றாக இருந்தாலும் நடப்பது வேறு. நாலு காலில் நிற்கிற மாட்டுக்கு வயிற்றுப் பாரம் முழுக்க அடிவயிற்றில் தொங்குகிறது. கர்ப்பப்பை மேலிருந்து இரண்டு பக்கமும் அகலமான நார்த்திரையில் ஊஞ்சல் மாதிரி தொங்குகிறது. கன்று போட்ட சூட்டில், முக்கிய வேகத்தில், அது உள்வெளியாகப் புரண்டு வருவது திடீர் விபத்து. சில மணி நேரத்தில் உயிர் போய்விடும். எருமைகளுக்குக் கன்று போடும் முன்பே, நிறைமாதத்தில் பிறப்புறுப்பு பிதுங்கி வருவது அதிகம். அது வேறு. கட்டுத்தரை பின்பக்கம் சரிவாக இருந்தால் பின்னங்கால் நிற்கிற இடத்தில் மண் கொட்டி உயர்த்திவிடுங்கள். பாரம் முன்பக்கம் போய்விடும்.

பெண் நிமிர்ந்து நிற்கிறவள். வயிற்றுப் பாரம் எல்லாம் நேராக இடுப்பின் அடித்தளத்தில் இறங்குகிறது. அங்கே தொட்டில் துணி மாதிரி விரிந்திருக்கிற தசைதான் கர்ப்பப்பையையும் மூத்திரப் பையையும் தாங்குகிறது. பிரசவத்தில் அந்தத் துணி நெகிழ்ந்துவிடுகிறது. அது இறுக அவகாசம் கொடுக்காமல் பாரம் தூக்கினால், அடுத்தடுத்துப் பிள்ளை பெற்றால், தீராத இருமலும் மலச்சிக்கலும் இருந்தால், பின்னால் மாதவிலக்கு நின்று தசை மெலியும்போது கர்ப்பப்பை கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்குகிறது. புரண்டு வருவதில்லை, அப்படியே இறங்குகிறது. வருடக் கணக்கில் நடப்பதால் பெண்களும் வருடக் கணக்கில் மறைத்துவிடுகிறார்கள்.

வைத்தியம் இருக்கிறது. ஆரம்ப நிலையில் மூத்திரத்தை அடக்குவதுபோல் அந்தத் தசையை இறுக்கி, ஐந்து எண்ணும் வரை பிடித்து விடும் பயிற்சி, ஒரு வேளைக்குப் பத்துத் தடவையாகத் தினம் மூன்று வேளை. இதற்குத் தோட்ட வேலையை நிறுத்தவேண்டியதில்லை, உட்கார்ந்து கடலை உரிக்கும்போதே செய்யலாம். பயிற்சிக்கு அடங்காத அளவு இறங்கியிருந்தால், ‘ரிங்’ என்று ஒரு வளையத்தை உள்ளே வைத்துத் தாங்கக் கொடுக்கிறார்கள். மருத்துவர் சொல்கிற நாளில் எடுத்துக் கழுவி மறுபடி வைத்துக்கொள்ள வேண்டும். அறுவைச் சிகிச்சை வேண்டாம் என்கிற வயதானவர்களுக்கு இது நல்ல வழி. அதற்கும் மேல் இருந்தால் அறுவைச் சிகிச்சை. அதிலும் கர்ப்பப்பையை எடுக்காமல் தூக்கிக் கட்டுவது ஒரு வகை, எடுத்துவிடுவது ஒரு வகை.

அந்த ஆத்தாவுக்கு அரசு மருத்துவமனையில் வளையம்தான் வைத்தார்கள். மருமகள்தான் கூட்டிப் போனாள். அடுத்த முறை நான் போனபோது மாடு ஆறு லிட்டர் கறப்பதாக முதலில் சொன்னார். அப்புறம் குரலைத் தாழ்த்தி, “இப்ப துணி கட்டறதில்ல கண்ணு” என்றார்.

எடுத்துவிடுவது பற்றி ஒரு வார்த்தை. ‘பிள்ளை பெத்தாச்சு, இனி அந்தப் பை எதுக்கு?’ என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறார்கள். மகாராஷ்டிராவில் பீட் மாவட்டத்திலிருந்து கரும்பு வெட்டப் போகும் பெண்கள் இளம் வயதிலேயே கூட்டம் கூட்டமாகக் கர்ப்பப்பையை எடுத்துக்கொண்டது 2019-ல் செய்தியாகி, அந்த மாநில அரசே விசாரணைக் குழு போட்டது. மாதவிலக்கு நாளில் வேலைக்கு வராவிட்டால் கூலி பிடிப்பார்கள் என்பதும் அதில் ஒரு காரணமாக வெளியே வந்தது. நம் பக்கத்திலும் வெள்ளைப்படுதலுக்கும் இடுப்பு வலிக்கும்கூட எடுத்துக்கொண்டு வந்த பெண்களை நான் பார்த்திருக்கிறேன். எடுக்கவேண்டிய நோய்கள் உண்டு. புற்றுநோய், மருந்துக்கு அடங்காத ரத்தப்போக்கு, பெரிய கட்டி இருந்தால் எடுத்துத்தான் ஆகவேண்டும், தள்ளிப்போடக் கூடாது. ஆனால் யாராவது எடுக்கச் சொன்னால் மூன்றைக் கேளுங்கள். எந்த நோய்க்காக எடுக்கிறீர்கள்? மாத்திரையோ வளையமோ வேறு வழியோ இருக்கிறதா? சினைப்பைகளை விட்டுவைப்பீர்களா, அவற்றையும் எடுப்பீர்களா? நாற்பது வயதில் சினைப்பைகளையும் சேர்த்து எடுத்துவிட்டால் மாதவிலக்கு நிற்கிற காலம் அன்றைக்கே வந்துவிடும். எலும்பும் சீக்கிரம் தேயும். சந்தேகம் இருந்தால் இன்னொரு மருத்துவரிடம் காட்டுவதில் தப்பில்லை. மாடு வாங்கும்போது நாலு பேரிடம் விசாரிக்கிறோமே.

மாட்டுக்கு அவசரம் என்றால் 1962. வீட்டுப் பெண்களுக்குச் சந்தேகம் என்றால் 104-ல் கேட்கலாம், பெயர் சொல்லக் கூச்சமாக இருந்தால் பெயர் சொல்லாமலே கேளுங்கள். பக்கத்து அரசு மருத்துவமனைக்குப் போவதானால், பெண்கள் நோய் பார்க்கிற மருத்துவர் எந்தக் கிழமை இருப்பார் என்று முதலில் விசாரித்துக்கொண்டு கிளம்புங்கள். பஸ் செலவு மிச்சம்.